நீலப் பலகை நட்ட இடம்

தடாலென்று விழுந்தது சுவர். புழுதி அடங்குவதற்குள் ஜேசிபி பின்வாங்கி, அடுத்த வீட்டுப் பக்கம் மூக்கைத் திருப்பியது. ஆரம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் குலுங்கி வந்த தேவதாஸ் அப்படியே நின்றுவிட்டான்.

விழுந்தது அரசுத் திட்டத்தில் கட்டிய வீடு. கூரை மட்டுந்தான் பாக்கி. பழவேற்காடு ஏரியின் மேலண்டைக் கரையில், சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிற பதினோரு குடும்பங்களுக்கு ஓலைக் குடிசையை விட்டு வெளியேறக் கிடைத்த ஒரே வழி அந்த வீடுகள்தான். இன்று அவை அத்தனையும் ஆக்கிரமிப்பு.

காரணம், குடியிருப்பின் வாசலில் நின்ற நீலப் பலகை. 'பாதுகாக்கப்பட்ட பழமைச் சின்னம். நூறு மீட்டர் தூரத்துக்குள் எதுவும் கட்டக்கூடாது.' வீடு கொடுத்த அலுவலகத்துக்கு அந்தப் பலகை தெரியாது. பலகை நட்ட அலுவலகத்துக்கு இந்த வீடுகள் தெரியாது. இரண்டும் சந்தித்துக்கொண்டபோது ஜேசிபி வந்துவிட்டது.

அந்த மக்களுக்கோ எழுத்து தெரியாது. சர்க்காரே வந்து பலகை நட்டதால், தங்கள் குடியிருப்பைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டது, இனி பட்டா வரும் என்று நம்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் பலகைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். புயலில் அது சாய்ந்தபோது, எல்லம்மாவும் அவள் புருஷன் ரங்கனும் மழையில் நனைந்துகொண்டே கல் முட்டுக் கொடுத்து நிமிர்த்தினார்கள். தங்களை வெளியேற்றப்போகிற பலகையைத் தாங்களே காவல் காத்தார்கள்.

தேவதாஸை வரச் சொன்னவர் துணை வட்டாட்சியர் ஜமுனா. பலகை சொல்கிற சின்னம் பழைய கல்லறைமேடு, அது இங்கே இல்லை, தண்ணிக்கு அந்தாண்ட என்று ஜனங்கள் கத்துகிறார்களாம். வரைபடத்தில் இடத்தைக் குறித்த ஆளே வந்து ஒரு வார்த்தை சொன்னால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்தார். அதற்குள் ஆள் குடியேறாத வீடுதானே என்று ஒன்றை இடிக்கத் தொடங்கியும்விட்டார்கள்.

"இது நீங்க குறிச்ச எடம்தானே? இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க" என்று காகிதத்தை நீட்டினார் ஜமுனா.

குறித்தவன் அவன்தான். இரண்டு வருடத்துக்கு முன், இந்த வட்டாரத்தின் பழமைச் சின்னங்களைத் தேடிப் படமெடுத்து, இருக்குமிடத்தைப் பதிவுசெய்யும் ஒப்பந்த வேலை. நாற்பத்தொரு இடங்கள், மூன்றே வாரம். இங்கே வந்த அன்று, குடியிருப்பை ஒட்டிய ஓடையில் முழங்கால் தண்ணீர். எதிரே கால் கிலோமீட்டர் தள்ளி, உப்பங்காட்டுப் புதர்களுக்குள் மேடு தெரிந்தது. எல்லம்மா கூட்டிப்போகிறேன் என்றாள். பொழுது சாய்வதற்குள் இன்னும் மூன்று இடம் முடிக்க வேண்டும் என்று அவன் மறுத்துவிட்டான். இக்கரையில் நின்றபடியே மேட்டைப் படமெடுத்தான். கைப்பேசியில் இருப்பிடப் பொத்தானை அழுத்தினான். அது அவன் நின்ற இடத்தைக் காட்டியது. அதையே கல்லறையின் இடமாக எழுதிவிட்டு, எல்லம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

இப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள். ஏரியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கழுத்தில், பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறி ஈரம் சொட்டத் தொங்கியது. அவனைப் பார்த்ததும் அந்த முகத்தில் கோபம் இல்லை, நிம்மதி வந்தது. அதுதான் அவனைக் குத்தியது.

"மேடம், இந்த சாருக்கு எல்லாம் தெரியும். படிச்சவரு, அன்னிக்கி மெஷின் வச்சிப் பாத்தாரு. நீ சொல்லு நைனா. நாங்க சொன்னா இன்னா, நம்பவா போறாங்க?"

தேவதாஸ் பேனாவைப் பிடித்தபடி நின்றான். அடுத்த வாரம் மூன்று வருடத்துக்கான புது ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். மீஞ்சூரில் வீட்டுக்கு முன்பணம்கூடக் கொடுத்தாயிற்று. தப்பு என்று சொன்னால் எல்லாம் போச்சு. சொல்லலாமா, வேண்டாமா என்று அவன் மனசுக்குள் தராசு பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில், இரண்டாவது சுவரும் விழுந்தது. அது எல்லம்மாவின் வீடு. அவள் அழவில்லை. பறியைத் தரையில் வைத்துவிட்டு, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தச் சொல்லுங்க மேடம்" என்றான் தேவதாஸ். ஜேசிபி சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னான். "மேடு இங்க இல்ல. அந்தக் கரையில."

ஜமுனா கையைக் காட்ட, ஜேசிபி நின்றது. எல்லம்மா முன்னால் ஓடைக்குள் இறங்கினாள். காலால் தடவித் தடவி அவள் வழிகாட்ட, தேவதாஸும் ஜமுனாவும் பின்னால் போனார்கள். அக்கரை ஏறியதும் மேட்டைக் காணோம். அந்த இடத்தில் பெரிய இறால் பண்ணை. காற்றாடிச் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. பாதுகாப்பு வட்டம் இக்கரைக் குடிசைகளின் மேல் விழுந்ததால், அக்கரையில் குளம் வெட்டத் தடையே இல்லாமல் போயிற்று. ஆறு கல்லறைகளில் ஐந்தைக் காணவில்லை. ஆறாவதன் மூடுகல் மட்டும் டீசல் மோட்டாருக்குப் பீடமாகக் கிடந்தது. முந்நூறு வருடத்துக்கு முந்தைய மண்டையோட்டுச் சிற்பத்தின் மேல் கறுப்பு எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"மிச்சக் கல்லெல்லாம் கரைக்கு அடியில போட்டு மூடிட்டாங்க. அன்னிக்கே யார்னா ஒருத்தர் வந்து பாப்பாங்கன்னு நெனைச்சோம்" என்றாள் எல்லம்மா.

ஜமுனா கையிலிருந்த வரைபடத்தை நான்காக மடித்தார்.

"கால் படாத எடத்துக்குக் கையெழுத்துப் போட்டா அது வேலை இல்ல தேவதாஸ், பொய்ச்சாட்சி. செத்தவங்க கல்லறையும் போச்சு, இருக்கிறவங்க வீடும் போச்சு. உங்களச் சொல்லி இன்னா? நானும் இந்தத் தண்ணியில ஒரு தடவ எறங்கிப் பாத்துட்டு ஆர்டர் போட்டிருக்கணும்."

பிறகு அவனிடம் கேட்டார்:

"நாப்பத்தொண்ணுல இந்த மாதிரி கரையில நின்னு எழுதினது இன்னும் எத்தனை?"

தேவதாஸ் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். ஒரு கை தீர்ந்தது, மறு கையும் தீர்ந்தது. மறுபடி முதல் விரலுக்கு வந்து, எண்ணி முடித்து, எல்லம்மாவைப் பார்க்காமலே சொன்னான்:

"பத்தொன்பது, மேடம்."