நாம் உள்ளே வந்த இடம்

இத்தாலியின் ரோவிகோ ஊரில் அந்த நாட்களில் நேரம் பார்த்து சினிமாவுக்குப் போகிற பழக்கம் கிடையாது. பாதிப் படத்தில் நுழைவார்கள். படம் முடிந்து மறுபடி ஓடத் தொடங்கி, தாங்கள் நுழைந்த காட்சி வந்ததும் எழுந்து போய்விடுவார்கள். சவரக்கடை நெவியோ முப்பத்து நாலு வயது வரை இப்படித்தான் படம் பார்த்து வந்தான். ஒரு கதையையும் ஆரம்பத்திலிருந்து பார்த்தவனில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோரெதானாவோடு நுழைந்தபோது, திரையில் ஒருவன் கையிலிருந்து காப்பிக் கோப்பை நழுவி உடைந்தது. இது மறுபடி உடையும்போது கேட்டுவிடுவது என்று நெவியோ முடிவு செய்தான். மறுநாள் அவள் பெல்ஜியத்திலிருக்கும் அண்ணனிடம் போகிறாள். 'போகாதே, என்னைக் கட்டிக்கொள்' என்று சொல்ல ரெண்டு வருஷமாக அவனுக்கு நல்ல நேரமே அமையவில்லை. இப்போது இரண்டு மணி நேரம் கெடு கிடைத்ததில் ஒரு நிம்மதி.

கொஞ்ச நேரத்திலேயே கோப்பை உடைந்தது.

நெவியோ இருக்கையிலிருந்து பாதி எழுந்தான். "அதுக்குள்ளயா?"

"உக்காரு," என்றாள் லோரெதானா. "அவனுக்கு ஒரே நாள் திரும்பத் திரும்ப வருது. இதை நாவலா படிச்சிருக்கேன், அதுலயும் அப்படித்தான்."

"இன்னும் எத்தனை தடவை உடையும்?"

"யாரு எண்ணினா? நல்ல நாவல்."

அடுத்த முறை உடைந்தபோது அவனை அறியாமல் எழுந்துவிட்டான். பின்வரிசைக் கிழவர் குரல் கொடுத்தார். "ஏம்ப்பா, உங்கப்பா கண்ணாடி வியாபாரியா? உன் வழியா ஒண்ணும் தெரியலயே."

உட்கார்ந்தான். கால் மட்டும் உட்காரவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது. விளக்குகள் எரிந்ததும், இடைவேளை என்று நினைத்து வெளியே ஓடினான். நடைவழிக் கண்ணாடியைப் பார்த்து நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தான். ஐஸ்கிரீம் விற்கிற பெண்மணி தன்னைத்தான் கேட்கிறான் என்று நினைத்து, "எனக்குப் புருஷன் இருக்கான்யா," என்றாள்.

திரும்பி வந்தபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. நாயகன் விழிக்கிற அதே படுக்கை, அதே அலாரம். கோப்பையும் உடைந்தது. அவன் வாங்கி வந்த ஐஸ்கிரீம் உருகிச் சட்டைக் கைக்குள் இறங்கியது.

"இது எந்தக் கோப்பை?" என்றான் பரிதாபமாக.

"நாம வந்தப்ப உடைஞ்சதுதான். நீ ஐஸ் வாங்கப் போனியே, அப்பவே படம் முடிஞ்சு மறுபடி ஆரம்பிச்சாச்சு."

"சொல்லவேயில்லையே நீ."

"சொன்னா கிளம்பிடுவோமே. நீ எதையோ கேக்கத் தவிக்கற. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

நெவியோ அவள் பக்கம் திரும்பினான். ஒத்திகை பார்த்த நாலு விதமும் மறந்துபோயிற்று. "பெல்ஜியம் போகாத."

"அது கேள்வியா?"

"என்னைக் கட்டிக்கறியா?"

"கட்டிக்கறேன்," என்றாள் திரையைப் பார்த்தபடியே. "ஆனா போறதை நிறுத்த மாட்டேன். பெல்ஜியத்துலயும் ஆம்பளைங்களுக்கு முடி வளருது."

அவனுடைய நாற்காலி, கடைத்தெரு, சனிக்கிழமைக் கூட்டம் எல்லாம் கண்முன் வந்து நின்றன. லோரெதானாவின் முகம் திரை வெளிச்சத்தில் மாறி மாறித் தெரிந்தது. அவளும் பதற்றத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தான்.

"சட்டுனு பதில் சொல்லித் தொலைப்பா," என்றார் பின்வரிசைக் கிழவர். "படத்துல ஒண்ணும் காதுல விழல."

"நாளைக்கேவா?" என்றான் நெவியோ.

"திங்கக்கிழமை உனக்குக் கடை லீவுதான?"

"ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு மட்டும் அவன் ஒத்திகையே பார்த்திருக்கவில்லை.