நாலு பூச்சு

விசைத்தறி உரிமையாளர் சங்கத்து முன்வாசலில் தறியோடு உட்கார்ந்திருக்கிற சிமென்டுப் பொம்பளைக்குத் தன்னுடைய மூஞ்சிதான் என்று சுப்புத்தாய் சங்கரன்கோவில் முழுக்கச் சொல்லிவிட்டாள். சொன்னது பொய்யுமில்லை.

அந்தச் சங்கத்தில் கூட்டிப் பெருக்கி, வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. சிலை செய்ய ராயகிரியிலிருந்து வந்தவன் மாரிராஜ். கம்பியை வளைத்துக் கட்டி, வலையைச் சுற்றி, சிமென்டை அப்பி, ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்காக எழுப்பிவிட்டான். கை வந்தது, கால் வந்தது, தறியும் வந்தது. மூஞ்சி மட்டும் வருவேனா என்றது. விளக்குமாற்றோடு போனவளைக் கூப்பிட்டான்.

"யக்கா, சித்த இங்கன உக்காருங்க."

உட்கார்ந்தாள். கத்தி மாதிரி மூக்கு, லேசாகத் துருத்தின மேலுதடு, ஒட்டின கன்னம், எல்லாம் சிமென்டில் அப்படியே வந்து விழுந்தது. பார்த்தவர்கள் சிலையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். அவளுக்கு நடையே மாறிவிட்டது.

ஒத்துக்கொள்ளாதவள் ஒருத்திதான். அவள் புருஷனுடைய தங்கச்சி மாடத்தி.

"மதினி, சிமென்டு நெறத்துல எல்லாரும் எல்லாரு மாதிரியுந்தான் இருப்பாவ. பெயிண்ட் அடிக்கட்டும். ஆடித் தபசுத் திருநாளுக்கு எங்க மாமியா வீட்டாளுவ வாராவ. கூட்டிட்டு வந்து காட்டுதேன். அவுக வாயால சொல்லட்டும், இது ஒங்க மதினிதான்னு."

"சொல்லாட்டா?"

"சொல்லாட்டா, நீங்க செத்தாலும் இந்தப் பேச்சை எடுக்கப்படாது."

சுப்புத்தாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை. மூஞ்சி சரி, நிறம் என்னவாகப் போகிறதோ? புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருந்த செம்புத் தவலை பக்கத்தில் தன் கையை நீட்டிப் பார்த்தாள். கிட்டத்தட்ட ஒரே நிறம். செம்புதான் என்று முடிவு செய்தாள். ஆனால் முடிவு செய்கிற இடத்தில் அவள் இல்லை. டீக் கிளாஸைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்தைச் சுற்றி வரத்தான் முடியும்.

முதலில் சிலைக்குச் சேலை நிறம் பார்த்தார்கள். சிவப்பு என்றால் ஒரு கொடி, பச்சை என்றால் இன்னொரு கொடி, நீலம் என்றால் ஒரு தெருக்காரர்களுக்கு ஆகாது, மஞ்சள் என்றால் அடுத்த தெருக்காரர்களுக்கு ஆகாது. விதவிதமாகச் சேலை நெய்து விற்கிறவர்கள் ஒரு சேலைக்கு நிறம் சொல்ல முடியாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனார்கள். கடைசியில் தலைவர் ஜெபசிங்தான், உலோகத்துக்குக் கட்சி கிடையாது, தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரே மெட்டாலிக் பெயிண்டை அடித்துவிடுவோம் என்றார். அதற்கு எல்லாரும் கை தட்டினார்கள். எந்த உலோகம் என்கிற இடத்தில் மறுபடியும் நாற்காலி ஆடியது. தலைவருக்குத் தங்கம். நூல் வியாபாரம் பண்ணுகிற செயலாளர் மைதீன் பாட்சாவுக்கு வெள்ளி.

மாரிராஜ் நிறம் காட்டுகிற அட்டையைக் கொண்டுவந்து நீட்டினான். ஜெபசிங் அதை வாங்கி விசிறிக்கொண்டார்.

"ஏலே, எந்தப் பொம்பளயாவது அட்டையப் பாத்து சேலை எடுத்திருக்காளா? பிரிச்சு மேல போட்டு, வெயில்ல நின்னு பாத்தாத்தான் கலரு. மூஞ்சில அடிச்சுக் காட்டு."

"அண்ணாச்சி, சேலைன்னா புடிக்கலைன்னா மடிச்சு வச்சிரலாம். பெயிண்ட எப்படி மடிக்க?"

"அடிலேங்கேன்."

தங்கத்தை அடித்தான். வெயில் பட்டதும் கோயில் கொடிமரத்துக்குக் கண்ணும் வாயும் முளைத்த மாதிரி இருந்தது. ஜெபசிங் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரசித்தார். சுப்புத்தாய் டீயைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு மொதலாளி. தறியோட்டுத பயலுவளும் நேத்து அதையேதான் பேசிக்கிட்டானுவ."

"என்ன பேசுனானுவ?"

"தறி ஓட்டுதவளையே தங்கமா வச்சிருக்காவ, இந்த வருசம் கூலி கூட்டிக் கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறாவன்னு."

ஜெபசிங் டீயைக் குடிக்காமலே கிளாஸைக் கீழே வைத்தார். மாரிராஜுக்குச் சொல்லிவிட்டார்: தங்கம் வேண்டாம், கண்ணைக் கூசுது.

அடித்ததைத் தேய்த்து எடுக்க வேண்டுமென்றால் ஒரு வாரம் சாரத்தில் தொங்க வேண்டும். தபசு நெருங்குகிறது. அதனால் மேலேயே பட்டி மாவைப் பூசி, பிரைமர் கொடுத்து, அதன்மேல் வெள்ளியை ஏற்றினான். மைதீன் பாட்சா வந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லா, என்ன சுத்தமா இருக்கு பாத்தீயளா" என்றார்.

"பளிச்சுன்னு இருக்கு பாய்" என்றாள் சுப்புத்தாய். "சுடுகாட்டு கேட்டுக்கும் இப்பந்தான் இதே பெயிண்ட அடிச்சாவ. மிச்சம் கிடந்த டப்பாவைத் தூக்கிட்டு வந்துட்டானோன்னு நெனச்சேன்."

பாய் முகம் சுருங்கிப் போனது. மறுநாள் மறுபடியும் பட்டி, மறுபடியும் பிரைமர்.

இந்தச் சமயத்தில் தலைவர் வீட்டம்மா ஏஞ்சல் காரில் வந்து இறங்கி, வெண்கலம்தான் கவுரவம் என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டம்மா சொன்னால் அது தீர்மானம் மாதிரிதான். வெண்கலம் ஏறியது. காய்ந்த பிறகு பார்க்க வந்தவளிடம் சுப்புத்தாய் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"யம்மா, வெண்கலத்துல நிக்கவுக எல்லாம் செத்துப் போனவுகதானே? ரெண்டு பேரு வந்து கேட்டுட்டுப் போறாவ, மொதலாளி வீட்டுல யாரு தவறுனதுன்னு."

"ஏசப்பா!" என்று ஏஞ்சல் கையிலிருந்த சாவியைக் கீழே போட்டாள்.

தலைவரும் செயலாளரும் இப்போது ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுப்புத்தாய் மேசையைத் துடைக்கிற சாக்கில், "செம்புன்னு ஒண்ணு இருக்காமே மொதலாளி" என்றாள்.

"செம்பா?" என்றார் ஜெபசிங். "செம்புக்குக் கட்சி இருக்கா பாய்?"

"தெரிஞ்சு இல்ல. ஏன் அண்ணாச்சி, மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கது செம்புக் கம்பிதானே? நம்ம தறியே செம்புலதான ஓடுது."

"பாத்தீரா வே! இது நமக்கு மொதல்லயே தோணாமப் போச்சே."

தாங்களே கண்டுபிடித்த மகிழ்ச்சியில் ரெண்டு பேரும் வடை வாங்கிவரச் சொன்னார்கள். வடை வாங்கப் போகிற வழியில் சாரத்துக்குக் கீழே நின்று சுப்புத்தாய் சத்தம் கொடுத்தாள்.

"ஏலே மாரிராசு, செம்பு அடிக்கச் சொல்லியாச்சு!"

அவன் மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். "யக்கா, அடிக்கேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. பட்டிக்கு மேல பட்டியா ஏறிக் கெடக்கு. இதுக்கு மேலயும் போட்டா..."

"வாய மூடிட்டு செம்பை அடிலே. காரியத்தைக் கெடுத்துராத."

அவன் வாயை மூடிக்கொண்டு அடித்தான். காய்ந்ததும் தார்ப்பாயைப் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

தபசுக்கு முந்தின நாள் திறப்பு விழா. பந்தல், நாற்காலி, மைக். மாடத்தி தன் மாமியார் வீட்டு ஆட்கள் ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிட்டாள். சுப்புத்தாய் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். தார்ப்பாய் விழுந்தது.

முதலில் நிறம்தான் அவள் கண்ணில் பட்டது. அவள் நிறமேதான். நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை நாளும் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் அப்புறம்தான் மூஞ்சியைத் தேடினாள். கத்தி மூக்கு கொழுக்கட்டையாகியிருந்தது. மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொண்டு, வாய் இருக்கிற இடத்தில் ஒரு கோடு கிடந்தது. ஒட்டின கன்னம் இட்லியாக உப்பியிருந்தது. முதல் பூச்சுக்கு மேல் ஏறினதெல்லாம் அவள் வாயால் ஏறினது. வேறு யாரைப் போய்த் திட்டுவாள்?

ஜெபசிங்குக்கும் ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் கையில் மைக் இருந்ததால் சமாளித்துவிட்டார்.

"இது ஒரு ஆளோட முகமில்லை. ஆயிரமாயிரம் தொழிலாளிகளின் ஒட்டுமொத்த முகம்!"

கைதட்டல் அடங்க நேரமானது. ஏஞ்சல் பக்கத்தில் இருந்தவள், "அந்தக் கன்னம் அப்படியே ஒங்க கன்னம்லா" என்று ஏஞ்சலின் தோளை இடித்தாள். மாடத்தி மாமியாரைக் கேட்டாள், "அத்தை, யாரு மாதிரி இருக்கு?"

மாமியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "நம்ம வாசுதேவநல்லூர் வங்கி மேனேசரு மாதிரி இருக்கு."

மாடத்தி சிரித்த சிரிப்பு சுப்புத்தாய் காதுக்கு நேராக வந்தது. "ஆயிரம் பேரு முகமாமே மதினி! அப்ப இதுல நானும் இருக்கேன். வாங்க எல்லாரும், போட்டோ எடுப்போம்."

போட்டோக்காரர் அஃப்ரோஸ் அவர்களை வரிசையாக நிறுத்தினார். சுப்புத்தாய் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினாள். பீடத்தில் கால் வைத்தாள். அங்கிருந்து சிமென்டுத் தறி மேல் ஏறினாள். செம்பு மூஞ்சிக்கு நேரே நின்று, மூக்கு இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது.

"யம்மா, எறங்குங்க! செல மூஞ்சி மறைக்குது!" என்றார் அஃப்ரோஸ்.

ஜெபசிங் மைக்கிலேயே கத்தினார். "யாரது, செல மேல ஏறி நிக்கது?"

கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. மாடத்தியின் மாமியாரும் பார்த்தாள். "யாருட்டி அது, தறி மேல?"

மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை பேரும் அவளையே பார்க்கவும், "எங்க மதினிதான்" என்றாள்.

சுப்புத்தாய் திரும்பி, கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.

"மறைக்கட்டும்லே" என்றாள் அஃப்ரோஸைப் பார்த்து. "நீ எடு."