ஐந்தடி வித்தியாசம்

குகைக்குள் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்திலேயே முடிய வேண்டிய அளவைக் கோடு, வரைபடத்தில் ஐந்தடி தள்ளிப்போய் நின்றது. அஸீலாவுக்குக் கோபம் வந்ததே தவிர, சந்தேகம் வரவில்லை. திசைகாட்டியைப் படித்தது அவள் கண். அந்தக் கண்ணை அவள் நம்பினாள்.

களக்காட்டுப் பக்கம் சிவசண்முகம் அண்ணாச்சியின் பழைய சுண்ணாம்புக்கல் குவாரியில் திறந்துகொண்ட குகை அது. காயப்போட்ட வேட்டி மாதிரி மடிந்து தொங்கும் கல் திரையையும், நீர் சொட்டிச் சொட்டி வளர்ந்த தூண்களையும் பார்த்ததுமே அண்ணாச்சிக்கு டிக்கெட் போடும் யோசனை வந்துவிட்டது. அனுமதி வாங்க வரைபடம் வேண்டும். மேலப்பாளையத்து அஸீலா அதுவரை அளந்ததெல்லாம் வேலை பார்த்த கம்பெனி முதலாளி பேரில் போனது. தன் பேரில் எடுத்த முதல் வேலை இதுதான். இதில் கோட்டை விட்டால் இரண்டாவது வேலை என்று ஒன்று வராது.

கூட அளந்த கோமதிசங்கர் அவளோடு படித்தவன். மெல்ல ஆரம்பித்தான். "அஞ்சடிதானே? எல்லாப் புள்ளிக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சு விட்டுருவோம். யாரு உள்ள போயி நாடா பிடிச்சுப் பாக்கப் போறா?"

"எம் பேருல்லா போடப்போறோம்? பேசாம வா."

அண்ணாச்சி அதற்குள் மூக்கை நுழைத்தார். "வரலேன்னா விட்டுரும்மா. மதுரையில ஒரு ஆளு இருக்காரு. நாளைக்கே வாரேங்காரு."

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க அண்ணாச்சி. தப்பு எம்மேலன்னா நானே அவருக்குப் போன் போட்டுத் தாரேன்."

மூவரும் உள்ளே போனார்கள். அண்ணாச்சி விரட்டிய விரட்டில் முதல் தடவை முன்னால் போகும் திசையை மட்டும்தான் படித்திருந்தார்கள். இப்போது அஸீலா ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, வந்த வழியையும் திரும்பிப் பார்த்துப் படித்தாள். இங்கிருந்து அங்கே படித்ததும் அங்கிருந்து இங்கே படித்ததும் நேர் எதிராக வர வேண்டும், வந்தன. கல் திரைக்குப் பக்கத்து வளைவில் மட்டும் ஊசி முரண்டு பிடித்தது.

"இங்கன இரும்பு இருக்கு அண்ணாச்சி."

"ஒரு ஆணிகூட உள்ள வரக்கூடாதுன்னு கரண்டுக்காரனையே விரட்டினவன் நான். எங்கிட்டயேவா?"

குரல் எகிறியது. கண் மட்டும் திரைக்குப் பின்னால் ஓடிவிட்டு வந்தது. அஸீலா டார்ச்சை அங்கே திருப்பினாள். சிவப்புத் துணி சுற்றி, சந்தனம் பூசி, ஆள் உயர அரிவாள் ஒன்று சாய்ந்து நின்றது. காய்ந்த செவ்வரளி மாலை வேறு.

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. "போன மாசம் மேலேருந்து ஒரு கல்லு விழுந்துச்சும்மா. உயிர் தப்புனதே பெருசு. மாடனுக்கு நேந்துக்கிட்டேன். எடுக்கச் சொல்லிராத தாயீ."

கோமதிசங்கர் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அதை நகர்த்த அவனும் கை வைக்கமாட்டான்.

"அவரு பாட்டுக்கு இருக்கட்டும்," என்றாள் அஸீலா. அந்த இடத்தில் நின்று முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் ஊசி ஒரே அளவுதான் பிசகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணம் பொய் சொல்லாது. அந்தக் கோணத்தை வைத்துக் கணக்கைத் திருத்தினாள். வெளியே வந்து கோடு இழுத்தபோது, முடிவு ஆரம்பத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாய்விட்டே சிரித்தாள்.

அண்ணாச்சி பைய பக்கத்தில் வந்தார். "படத்துல அத மட்டும் போட்டுராதம்மா. ஆபீசர்மாரு பாத்தா, உள்ள சாமி வச்சிருக்கேன்னு என்னைக் கிழிச்சிருவாங்க."

"போடாம முடியாது அண்ணாச்சி. அடுத்து அளக்க வாரவன் ஊசிய நம்பி ஏமாந்துட்டு, எம் படம் தப்புன்னு சொல்லுவான்."

வளைவுக்குப் பக்கத்தில் 'இரும்பு உண்டு' என்று எழுதினாள்.

அவர் குனிந்து அதைப் படித்தார். "அப்போ கீழ உம் பேரப் பெருசாப் போடு. கேக்க வாரவன் எங்கிட்ட வராம நேரா உங்கிட்டயே வரட்டும்."

அஸீலா ஏற்கெனவே தடித்த பேனாவைக் கையில் எடுத்திருந்தாள்.