நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்

லிஃப்ட் மெக்கானிக் இருபத்திரண்டு வருஷமாக ஊராரை மேலே ஏற்றிவிட்டவர். ஒரு செவ்வாய்க்கிழமை வேலை நடுவே கால் வழுக்கி அவரே இரண்டு மாடி கீழே போனார், லிஃப்ட் இல்லாமல். இடுப்பெலும்பு மூன்று துண்டு. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து, நாலு மாசம் படுக்கை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உண்மையான சோதனை அதற்கப்புறம்தான். மச்சான் ஜெபக் குழுவோடு வந்தான்.

மச்சான் அவர் மனைவியின் தம்பி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில், பணம் தர முடியாது என்று கடிதம் எழுதும் வேலை. அதனால் எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும். ஞாயிறு பிற்பகல் ஆனால் ஏழெட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். ஒண்ணுக்கு முட்டுகிறது என்று மெக்கானிக் மனைவிக்குக் கண்ணைக் காட்டுவார். அவள் அதைப் பக்தி என்று நினைத்து அடுத்த பாட்டை எடுப்பாள்.

"அத்தான், கர்த்தர் நேசிக்கிறவங்களைத்தான் சோதிப்பார்."

"அப்ப உன்மேல அவருக்கு ஏதோ மனத்தாங்கல். உனக்கு ஒரு சளிகூடப் பிடிக்கலையே."

"மறைவான பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணிடுங்க."

"இருக்கு மச்சான். ஆனா எல்லாத்தையும் சேர்த்தாலும் ஒரு மாடிக்குத்தான் வரும். ரெண்டு மாடி எதுக்கு?"

மனைவி போர்வைக்கு அடியில் கிள்ளுவாள். அவர்கள் போனதும் நக்கல் வற்றிவிடும். வார நாட்களில் அவள் வேலைக்குப் போனபின் வலியும் அவரும் மட்டும். எதுக்கு, எதுக்கு என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். ஜெபிப்பதை விட்டுவிட்டார். அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பக்கமும் அப்படித்தான் என்று தோன்றியது.

ஐந்தாம் மாசம் வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தார். அந்த ஞாயிறு குழு வந்தபோது பாட்டுப் புத்தகம் காரிலேயே தங்கிவிட்டது. எடுத்துவர மச்சான் கீழே போனான். கொஞ்ச நேரத்தில் லிஃப்டின் அபாய மணி விடாமல் அடித்தது. மெக்கானிக் வாக்கரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். நாலாம் மாடிக்கும் இவர்களுடைய ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றிருந்தது.

"அத்தான்..." உள்ளேயிருந்து குரல் நூல் மாதிரி வந்தது. "லைட் போயிடுச்சு. மூச்சு முட்டுது."

"முட்டாது. காத்து வர வழி இருக்கு."

தன் லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்தார். ஆள் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். லிஃப்டைக் கையால் நகர்த்த மொட்டைமாடி மோட்டார் அறைக்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு அதை நினைக்கவே முடியாது.

"எனக்கு ஏன் அத்தான் இப்படி?"

நாக்கு சும்மா இருக்கவில்லை. "மறைவான பாவம் ஏதாவது இருக்கும் மச்சான். யோசிச்சுப் பாரு."

குழு பின்னால் வந்து நின்றிருந்தது. உள்ளே நாற்பது வயது மனுஷன் விசும்பும் சத்தம் கேட்டது. மெக்கானிக்கின் காது சுட்டது.

தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவரைப் பிடித்துச் சரிந்து உட்கார்ந்தார். எலும்பு உயிரை வாங்கியது.

"மச்சான், நான் இங்கதான் இருக்கேன். கதவுக்கு இந்தப் பக்கம்."

"போயிடாதீங்க."

"எங்க போறது? நாலு பேர் தூக்கணும் என்னை."

உள்ளே அழுகையோடு ஒரு சிரிப்பு வந்தது. "ஏன் நின்னுச்சு?"

"தெரியாது."

இத்தனை வருஷத்தில் மாட்டிக்கொண்ட யாருக்கும் அவர் காரணம் சொன்னதில்லை. பிரேக்கா வயரா என்பது உள்ளே இருப்பவனுக்கு எதற்கு? வெளியே ஆள் இருக்கிறதா என்பதுதான் அவன் கவலை.

"ஜெபம் பண்ணுங்க அத்தான். எனக்கு வார்த்தை வரல."

குழு கண்ணை மூடியது. மெக்கானிக் தொண்டையைச் செருமினார்.

"ஆண்டவரே, உங்கமேல எனக்குக் கோபம் நிறைய இருக்கு. அதைத் தனியா பேசிக்கலாம். நீங்களும் சிலுவையில தொங்கிக்கிட்டு, ஏன் கைவிட்டீங்கன்னு கத்தினவர்தான். உங்களுக்கே மேலேயிருந்து பதில் வரல. அதனால இவனுக்கு விளக்கம் எதுவும் வேண்டாம். உள்ள போய்க் கூட உட்காருங்க. ஆறு பேர் போற லிஃப்ட், இடம் இருக்கு. ஆமென்."

குழுவில் பாதிப் பேர் ஆமென் சொல்ல மறந்துவிட்டார்கள். சொன்னது அவருக்கே பிறகுதான் உறைத்தது. சுவரைப் பார்த்து அவர் கேட்ட அதே கேள்வியை அவருக்கு முன்பே ஒரு தச்சர் சிலுவையில் கேட்டிருக்கிறார், கையில் ஆணியோடு. அப்படியானால் அந்த மத்தியானங்களில் அறையில் இருந்தது அவர் ஒருத்தர் மட்டுமில்லையோ? கையை நீட்டி லிஃப்ட் கதவில் வைத்துக்கொண்டார்.

கம்பெனி ஆட்கள் வந்து லிஃப்டை நகர்த்த ஒன்றேகால் மணி நேரமானது. மச்சான் வியர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வந்தான். பிறகு எல்லோரும் சேர்ந்து மெக்கானிக்கைத் தரையிலிருந்து தூக்கினார்கள். அப்போது அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் இல்லை. யாரும் திருத்தவில்லை.

இடுப்பு முழுசாகச் சரியாகவில்லை. கம்பெனியில் போன் எடுக்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். வேதக்கோயிலுக்குத் தலையணையோடு போய்க் கடைசி வரிசையில் உட்காருகிறார். காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடி முன்னால் முணுமுணுப்பார்.

"யாரைங்க திட்டறீங்க?" என்று ஒருநாள் மனைவி கேட்டாள்.

"அவரைத்தான்."

"பதில் சொன்னாரா?"

"நான் இன்னும் முடிக்கலையே," என்று சொல்லிவிட்டு மறு கன்னத்துக்கு நுரை போட்டார்.