ஜன்னலுக்குப் பிடித்த செடி

செடி வாங்கப் போகிறவர்கள் ஜன்னலையும் கூடவே கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். செடியோடு நாள் முழுக்க இருக்கப்போவது ஜன்னல்தான். நாம் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவோம், விருந்தாளி வந்தால் காட்டுவோம், அவ்வளவுதான் நம் பங்கு. அதனால் பிடித்திருக்கிறதா என்று ஜன்னலைக் கேட்பதுதான் முறை. கேட்காமல் வாங்கி வைத்தவர்கள் வீட்டில் செடி ஒரு பக்கமும் ஜன்னல் ஒரு பக்கமுமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஹால் ஜன்னல் பதினோரு மாதமாக வெளிச்சம் விடவில்லை. கிழக்குப் பார்த்த தேக்கு ஜன்னல், நாலடிக்கு மூன்றடி. திறந்தால் தெரு தெரியும், வெயில் மட்டும் உள்ளே வராது. காலை பத்து மணிக்கும் டியூப்லைட் போட்டுக்கொண்டுதான் பேப்பர் படித்தேன். என் மனைவி தமயந்தியும் அதே பதினோரு மாதமாக வாசல்படி தாண்டவில்லை. எங்களுக்கு மூன்றாவது வீட்டில் அவள் தங்கை ரேணுகா தனியாகக் குடியிருந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. தெருவில் இறங்கினால் பூட்டு கண்ணில் படும் என்று தமயந்தி இறங்குவதில்லை. நானும் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒருநாள் கத்தியும் பார்த்தேன். கத்தியது தப்பு.

ஜன்னலைப் பார்க்க ஆசாரி வந்தார். கொண்டியை ஆட்டினார், கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டார்.

"கோளாறு ஒண்ணுமில்லைங்க. பார்க்க ஆள் இல்லாம மனசு விட்டுப்போச்சு. ஒரு செடி பார்த்து வைங்க, சரியாயிரும்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு. செடிப் பண்ணைக்குப் போயிட்டு எதுவும் பிடிக்காமத் திரும்பி வந்த ஜன்னல் மறுபடி திறக்காது. சுவராயிரும். யோசிச்சுக்குங்க" என்றார். அப்படி ஆகிவிட்டால் பூசுவதற்கு நல்ல கொத்தனார் ஒருவரைத் தெரியும் என்றும் சொன்னார்.

யோசித்தேன். எங்கள் வீட்டில் தெருவைப் பார்த்த ஜன்னல் அது ஒன்றுதான். அதுவும் சுவராகிவிட்டால் தமயந்திக்குத் தெரு என்ற ஒன்று இல்லாமலே போய்விடும். அந்தப் பயத்தில் ஒரு வாரம் தூங்கவில்லை. ஆனால் இப்படியே விட்டாலும் அதேதான் நடக்கப்போகிறது. வியாழக்கிழமை லீவு போட்டேன்.

ஆசாரி கம்பிகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்துக் கொடுத்தார். ஜன்னல் வெளியே போனால் அது பார்க்கும் காட்சியும் கூடவே போகும். வழியில் அதை எங்கே திறந்தாலும் எங்கள் தெருதான் தெரியும். வீட்டில் அது இருந்த இடத்தை உள்ளே இருந்து பார்த்தால் வெறும் சுவர். தெருவிலிருந்து பார்த்தால், ஜன்னல் அப்போது எங்கே இருக்கிறதோ அந்த இடம் தெரியும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஒரு ஒழுங்குக்காகச் சொல்கிறேன்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஜன்னலை நடைபாதைப் பக்கமாக வைக்கச் சொன்னார். பஸ்ஸின் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாதாம். இரண்டும் தங்கள் காட்சிகளை ஒப்பிட்டுக்கொண்டு வரும், இறங்கும்போது ஏதாவது ஒன்று கோபித்துக்கொள்ளும் என்றார். அனுபவஸ்தர். அதனால் நான் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கள் ஜன்னலை அந்தப் பக்கம் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வரிசையில் இருந்த பெரியவர் பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வரைக்கும் வைத்த கண் வாங்காமல் எங்கள் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "நல்ல தெரு. கொஞ்சம் இருட்டு" என்றார்.

கெலமங்கலம் தாண்டி ஒரு மண்பாதையில் அரை மைல் உள்ளே இருக்கிறது முனிரத்னம்மாவின் பண்ணை. வளைந்த இரும்புக் குழாய்களின்மேல் பச்சை நிழல்வலை போர்த்திய நீளக் கொட்டகை. உள்ளே போனால் கை, சட்டை, முகம் எல்லாம் பச்சையாகிவிடும். முனிரத்னம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். புடவைக்குமேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, நேராக ஜன்னலிடம் வந்தார்.

"எந்தத் திசைங்க?"

"கிழக்கு."

"எத்தினி நாளா வெளிச்சம் விடல?"

"பதினோரு மாசமா."

"அடப் பாவமே" என்று சட்டத்தைத் தடவிக் கொடுத்தார். "இப்படிப் பாத்தியில நிறுத்துங்க சார். தேங்காய் நார்க்கழிவு மெத்துனு இருக்கும், கால் வலிக்காது. நீங்க பிடிச்சுக்குங்க, நான் ஒவ்வொண்ணாக் காட்டுறேன். பிடிச்சிருந்தா அந்தச் செடிமேல வெயில் விழும். அந்தப் பக்கம் பார்க்க ஆள் இருக்காங்கல்ல?"

இருந்தார். செடியை வெளியிலிருந்தும் ஒருவர் பார்க்க வேண்டும் என்பதால் எதிர்வீட்டு ஞானப்பிரகாசத்திடம் சொல்லி வைத்திருந்தேன். மின்வாரியத்தில் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். ஜன்னலைத் திறந்ததும் எங்கள் தெருவில் அவர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். "வந்துட்டீங்களா, வெயில் ஜாஸ்தியா அங்க?" என்று கேட்டார்.

முனிரத்னம்மா மணி பிளான்ட் காட்டினார். ஞானப்பிரகாசம் "நல்லாருக்கு" என்றார். ஜன்னல் அசையவில்லை. குரோட்டன்ஸ் வந்தது. "இதுவும் நல்லாருக்கு." பெரணி, கற்றாழை, கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கிற ஒன்று, வெள்ளையாக ஒரே ஒரு பூ விட்ட ஒன்று. எல்லாம் அவருக்கு நல்லாருந்தது. மனுஷன் வாழ்க்கை முழுக்க மீட்டரைப் பார்த்துப் பார்த்து, காட்டியதை ஒப்புக்கொள்ளப் பழகிவிட்டார். அந்தப் பச்சை வெளிச்சத்துக்கு நடுவே எங்கள் ஜன்னல் மட்டும் சாயங்காலம் மாதிரி மங்கிப் போய் நின்றது. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. நாற்பது செடிக்குமேல் வந்து போய்விட்டன. எனக்குக் கையும் மனசும் மரத்துப்போயின.

முனிரத்னம்மா மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, "செடில தப்பில்ல சார். வெளிய நிக்கிற ஆள் சரியில்ல. வீட்டு ஆள் நிக்கணும்" என்றார்.

"நான் வேணா போய்க்கறேன்" என்றார் ஞானப்பிரகாசம். அவருக்கு வருத்தமில்லை, அங்கேயே ஓரமாக நின்றுகொண்டார்.

தமயந்திக்குப் போன் போட்டேன். சுவராகிவிடும் என்று ஆசாரி சொன்னதை அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அதைச் சொன்னேன்.

"ஆனா ஆகட்டும்" என்றாள்.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். செடிகொடியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், படத்தில் மரத்துக்கு என்ன குறி போட வேண்டும் என்பதுதான். போனை வைக்க மனசில்லாமல், எதிரே இருந்ததை வாய்க்கு வந்தபடி சொல்ல ஆரம்பித்தேன்.

"இங்க ஒரு செடி இருக்கு தமயந்தி. உயரம் ஒன்றரை அடி. பச்சையா இருக்கு."

"பச்சையா இல்லாம?"

"இலை இருக்கு. ஒரு பதினாலு."

"என்ன இலை? அகலமா, நீட்டமா? பளபளன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா?"

"நாலு அங்குலம் இருக்கும்."

"செடியைக் கேட்டா பிளாட் அளக்கறீங்க" என்றாள். குரலில் எரிச்சல் வந்திருந்தது. பதினோரு மாதத்தில் அவளுக்கு என்மேல் எரிச்சல்கூட வந்ததில்லை. "அந்தம்மாகிட்ட போனைக் குடுங்க."

முனிரத்னம்மா கையில் சேறு என்று போனை வாங்க மறுத்துவிட்டார். நிஜமாகவே சேறுதானா என்று நான் பார்க்கவில்லை. அடுத்த செடியைச் சொன்னேன். இதுவும் பச்சைதான், ஆனால் முன்னதைவிடக் கொஞ்சம் குறைச்சல் பச்சை என்றேன்.

"அய்யோ, உங்களை அனுப்பினேன் பாரு" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தேன். எங்கள் வாசலிலிருந்து ஜன்னலுக்குப் பத்து அடி. அந்தப் பத்து அடியும் ரேணுகாவின் வீட்டைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். ஒரு நாய் போயிற்று. ஒரு சைக்கிள் போயிற்று. ஞானப்பிரகாசம் வலதுபக்கம் திரும்பி, யாருக்கோ வழி விடுவது போல ஒதுங்கி நின்றார். முதலில் புடவைத் தலைப்பு தெரிந்தது. அப்புறம் தோள். நெடுநேரம் தோள் மட்டும்தான் தெரிந்தது, அவள் முகத்தை அந்தப் பூட்டின் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது என்று அந்த ஒரு தடவை எனக்கே தெரிந்திருந்தது.

பிறகு அவள் திரும்பிக் குனிந்து உள்ளே பார்த்தாள். பதினோரு மாதம் டியூப்லைட்டில் மட்டுமே பார்த்த முகம். பகலில் அவள் காதோரம் நரைத்திருப்பதை அப்போதுதான் கண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. செடிகளுக்கு நடுவில் அழுதால் தப்பாக எடுத்துக்கொள்ளுமோ என்று அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"அதுதான்" என்று கையை நீட்டினாள் தமயந்தி. "அது நல்லாருக்கு."

"எது?"

"உங்க கால்கிட்ட."

காலருகே இருந்த பெரணியைத் தூக்கிக் காட்டினேன்.

"அது இல்லை. அதுக்குக் கீழ."

வேறொரு தொட்டியைத் தூக்கினேன்.

"நகருங்க முதல்ல" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஞானப்பிரகாசத்தின் தோளைப் பிடித்து, ஜன்னலில் ஒரு காலை வைத்து ஏறி, உள்ளே இறங்கினாள். "பார்த்துமா, பார்த்து" என்றார் அவர். பாத்தியில் கால் பதிந்ததும் அவளும் பச்சையாகிவிட்டாள்.

அவள் காட்டியது எங்கள் ஜன்னலைத்தான். நார்க்கழிவில் இரண்டு மணி நேரம் ஈரத்தில் நின்றதில், தேக்குச் சட்டத்தின் கீழ் மூலையில் ஒரு தளிர் விட்டிருந்தது. நான் அதை மறைத்துக்கொண்டு நின்று நாற்பது செடிகளைப் பார்த்திருக்கிறேன். தளிரின் நுனியில், நகத்தளவு ஒரு சின்னச் சட்டமும் அதற்குள் இன்னும் திறக்காத ஒரு கதவும் இருந்தன. தமயந்தி அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக எங்கள் தெருவின் மதிய வெயில் மொத்தமும் கொட்டகைக்குள் வந்து, குனிந்திருந்த அவள் முதுகில் விழுந்தது.

முனிரத்னம்மா சட்டத்தை அசைத்துப் பார்த்தார். "வேர் பிடிச்சுருச்சு. இனிமே பிடுங்கக்கூடாது சார், பாவம்" என்றார். தளிரை மட்டும் ஈரத்துணி சுற்றி, பக்குவமாகக் கீறி எடுத்து, ஒரு தொட்டியில் வைத்துக் கொடுத்தார். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி. காலை வெயில் கண்டிப்பா வேணும். இதுக்கு எந்தத் தெரு வாய்க்கும்னு இப்பவே சொல்ல முடியாது, தாய் ஜன்னல் மாதிரியே இருக்கும்னு நினைச்சுக்காதீங்க."

பஸ்ஸுக்கு நிற்கவில்லை. தொட்டியைப் பத்திரமாக ஞானப்பிரகாசத்தின் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாகவே தெருவில் இறங்கினோம். முனிரத்னம்மா அந்தப் பக்கமிருந்து கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. இன்றுவரை சாத்தவில்லை. தெருவில் நின்றால் அவர் பாத்தி கொத்துவது தெரியும். தமயந்தி தினமும் காலையில் வெளியே வந்து, "மூணாவது வரிசை வாடுது பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கிறாள்.

எங்கள் ஹாலில் இப்போது சுவர்தான். தொட்டியை எங்கே வைத்தாலும் வெயில் இல்லை. நாலாவது நாள் நுனி கறுக்க ஆரம்பித்தது. நான் சமையலறைப் பரண்மேல் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தமயந்தி தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். மூன்றாவது வீட்டுக்குப் போய், பூட்டைத் திறந்து, ரேணுகா கட்டில் போட்டிருந்த அறையின் இரண்டு ஜன்னல்களையும் திறந்து, வெயில் விழுந்த இடத்தில் தொட்டியை வைத்தாள். அப்புறம் வீட்டைப் பெருக்கினாள். பெருக்கும்போது அழுதாள், அழுதுகொண்டே பெருக்கி முடித்தாள். நான் தூசி தட்டினேன்.

நேற்று அந்தச் சின்ன ஜன்னல் திறந்துகொண்டது. இப்போது ஒரு தபால்கார்டு அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் நாங்கள் பார்த்தறியாத ஒரு தெரு. மேகம் கறுத்துக் கிடந்தது, ஒரு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. தமயந்தி குனிந்து, "மழை வருது, துணியை எடுங்க" என்றாள். ஒரு பெண் ஓடி வந்து எல்லாவற்றையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். போகும்போது நின்று எங்களைத் திரும்பிப் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை, இனிமேதான்" என்றாள் தமயந்தி. அந்தப் பெண், இருங்கள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, குழம்புக் கிண்ணத்தோடு வந்தாள். கிண்ணம் ஜன்னலைவிடப் பெரிதாக இருந்ததால், கொஞ்சம் வளரட்டும், செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றாள். நாங்கள் சரி என்றோம்.