நிலக்கோட்டைக்குப் பூ வாங்கப் போன பெட்டி

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1999 ஆகஸ்டில், ஒரே வாரத்தில், ஒரே வீட்டிலிருந்து எனக்கு இரண்டு எழுத்து வேலைகள் வந்தன. ஒன்று, குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் அமலராணிக்கு ஒரு வாழ்த்து மடல். இன்னொன்று, அமலராணியின் நாலு வயது மகள் ரீனாவிடம் சொல்ல ஒரு பொய்.

முதல் வேலையைக் கொடுத்தவர் அமலராணியின் மாமனார் செபஸ்தியான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்குப் பல் முளைத்தாலும் அதற்கு விழாக்குழு அமைத்து, தலைவர் பொறுப்பைத் தயக்கத்தோடு ஏற்றுக்கொள்வார். இரண்டாவது வேலையைக் கொடுத்தது அவர் மகன் பிராங்கிளின், அமலராணியின் கணவன்.

"அண்ணே, நீங்கதான் கதையெல்லாம் எழுதுறீங்கள்ல? பிள்ளைகிட்ட சொல்றதுக்கு ஒண்ணு யோசிச்சுக் குடுங்க. ரெண்டு வருசத்துக்குத் தாங்குற மாதிரி."

செருப்பு வாங்கச் சொல்வதுபோலச் சொன்னான். அப்போது என் கதைகள் நான்கு அச்சாகியிருந்தன. தெருவில் ஒருவரும் படித்ததில்லை. அதனால்தான் என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கார்மேகங்கள் மலைக்கோட்டையைத் தழுவிக் கண்ணீர் வடித்த அந்த மாலைப் பொழுதில்" – (விட்டுவிட்டேன். ஆகஸ்டில் திண்டுக்கல்லுக்கு மேகம் வந்தால் அதுவே தனிக்கதை.)

"அமலராணி ஒரு தியாகச் சுடர். அவள்" – (இது வாழ்த்து மடலுக்குப் போய்விட்டது.)

"பெட்டி பதினைந்து நாளாகத் திறந்தே கிடந்தது."

இது நிற்கும்போலத் தெரிகிறது. கருநீலப் பெட்டி, நடு அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில். மதிய நேரத்தில் வீடே உறங்கும். ஜன்னல் துணி உப்பி, பிறகு அடங்கும். அந்த அரைவெளிச்சத்தில் பெட்டி தானாக நிரம்பிக்கொண்டிருந்தது, மழை பெய்த மறுநாள் கிணறு ஊறுகிற மாதிரி. யார் வந்தார்கள், எப்போது வைத்தார்கள் என்று தெரியாது. கண்விழித்துப் பார்த்தால் இரண்டு பார்சல் கூடியிருக்கும். குவைத்தில் மகன் இருக்கும் வீடு, மருமகன் இருக்கும் வீடு, மகன் என்றைக்காவது போகக்கூடும் என்றிருந்த வீடு, எல்லாவற்றிலிருந்தும் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் வந்தன. எல்லாம் செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, மேலே பெயர் எழுதியவை.

"சின்னதுதான்மா, கையடக்கம்" என்று சொல்லி எதிர்வீட்டுச் சிவனம்மாள் வைத்துவிட்டுப் போனதை இரண்டு கையாலும்தான் தூக்க முடிந்தது.

அமலராணி எதையும் மறுக்கவில்லை. தன்னுடைய நான்கு வெள்ளைச் சீருடைகளை மடித்து, மீதி இருந்த இடுக்குகளில் செருகினாள்.

3

பொய்க்கு வருகிறேன்.

வெளிநாடு புறப்படுகிறவர் வாசல் தாண்டும்போது அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம். ஆகவே அன்று காலையிலேயே சின்னப் பிள்ளைகளை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பிராங்கிளினின் அக்கா டெய்சி வாழ்க்கைப்பட்டது ஒட்டன்சத்திரத்தில். தக்காளி லாரி காட்டுகிறேன் என்று ரீனாவை அவள் கூட்டிப் போவதாக ஏற்பாடு. திரும்பி வந்து "அம்மா எங்கே?" என்று கேட்கும்போது சொல்லத்தான் என் படைப்பு. முன்கூட்டியே கொஞ்சம் ஊட்டி வைத்தால் நல்லது என்று ஒரு மதியம் போனேன். ரீனா பெட்டிக்குள் பார்சல்களின் மேல் படுத்திருந்தாள்.

"ரீனா, அம்மா எங்க போகப் போறாங்க, தெரியுமா?"

"எங்க?"

"நிலக்கோட்டைக்கு. பூ வாங்க."

"பூவுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய பெட்டி?"

(இதைவிடக் கூர்மையான விமரிசனம் எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.)

"நெறையப் பூ."

"பெட்டி நெறையவா?"

"பெட்டி நெறைய. மல்லிகை."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூக்கு விரிந்தது. "வாசமா இருக்கு மாமா" என்றாள். பொடியும் ஊறுகாயும் புது ரெக்ஸினும் நெடியடித்த அந்த அறையில் எனக்கும் ஒரு கணம் மல்லிகை மணந்தது. பெட்டி மெல்ல எழும்பி, ஜன்னல் வழியே மிதந்து, நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போகும் வேன்களுக்கு மேலே, ரீனாவோடு போவதுபோல இருந்தது. பொய் சொன்னவனுக்கே மணக்கிறது என்றால் அது கலையின் வெற்றி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

4

(இங்கே ஒரு பகுதி இருந்தது. அதில் அமலராணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் மனதோடு ஒன்றரைப் பக்கம் பேசினாள். திரும்பப் படித்தபோது சந்தேகம் வந்தது. தெருவுக்கே ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்லும்போதும் இரண்டு எண்களுக்குமேல் பேசாதவள் அவள். நீக்கிவிட்டேன். உண்மையில் அவள் என்னிடம் பேசியது இவ்வளவுதான்:

"பொய் ரெடி பண்ணிட்டீங்களாமே. நல்லாருக்காண்ணே?"

"பரவாயில்லம்மா."

"எனக்கும் ஒண்ணு யோசிச்சு வைங்க. ஏர்போர்ட்ல எனக்கு நானே சொல்லிக்கிறதுக்கு.")

5

விமானத்தில் இருபது கிலோதான் விடுவார்கள். எங்கள் ஊரில் அப்போது பெட்டியை எடை போட எல்லோரும் போகிற இடம் வெங்காய மண்டி. பிராங்கிளின் தூக்கிக்கொண்டு போனான். நானும் போனேன். எடை போடுகிற சங்கிலி அண்ணன், மூட்டைகளுக்கு நடுவே பெட்டியைத் தராசில் ஏற்றினார். கல்லை நகர்த்தி, "இருவது!" என்று கத்தினார். பிராங்கிளின் தடுப்பதற்குள் பக்கத்திலிருந்த பிரஷை எடுத்து, புதுப் பெட்டியின் விலாவில் சிவப்பு மையால் 20 என்று எழுதியும்விட்டார்.

"அண்ணே, புதுப் பெட்டிண்ணே!"

"நம்பர் இல்லாத சரக்கு எங்கயாச்சும் போய்ச் சேருமாடா, அப்பு?" என்றார் சங்கிலி.

6

புறப்படுவதற்கு முந்தின மாலை வழியனுப்பு விழா. ஐந்து பேச்சாளர்கள், ஒன்பது பொன்னாடைகள். ஒன்பதில் நான்கு, போன மாதம் செபஸ்தியான் சாருக்கே போட்டவை. கண்ணாடிச் சட்டமிட்டு முன்பே பெட்டியில் வைத்திருந்த வாழ்த்து மடலை வெளியே எடுத்து, அவரே வாசித்தார்:

"கனிவின் கடலே! கருணைக் கொண்டலே! கடல் கடக்கும் கலங்கரை விளக்கே!"

கலங்கரை விளக்கம் கடல் கடந்தால் கப்பல்களின் கதி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ரீனா முன்வரிசையில் அமர்ந்து மிக்சர் தின்றாள். அம்மா போகிற செய்தி அவள் காதில் விழுந்துவிடுமோ என்று பிராங்கிளின் பதறினான். வீண் பதற்றம். அந்த மேடைத் தமிழில் யார் எங்கே போகிறார்கள் என்று பெரியவர்களுக்கே விளங்கவில்லை.

7

மறுநாள் காலை டெய்சி ரீனாவை முதல் பஸ்ஸில் கூட்டிப் போய்விட்டாள். பத்து மணிக்கு அப்துல் லத்தீப் வேனோடு வந்தார். எங்கள் தெருவிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுபோவது அவர்தான். பெட்டியைத் தூக்கியவர், அரை அடி உயரத்திலேயே நிறுத்தினார்.

"இது இருவது இல்ல. இருவத்திரெண்டு."

"மண்டியில போட்டதுங்க லத்தீப் பாய்" என்றான் பிராங்கிளின். "நம்பரப் பாருங்க."

"அட அப்பு! மண்டிக்காரன் சாக்குக்கு ஒரு கிலோ, வெங்காயச் சருகுக்கு ஒரு கிலோ கழிச்சுத்தானய்யா சொல்லுவான்! உன் பெட்டியில சருகு எங்க இருக்கு?"

இருபது வருடப் பழக்கத்தில் சங்கிலி தன்னையறியாமல் கழித்துவிட்டிருந்தார். பெட்டியைத் திறக்க வேண்டியதாயிற்று. யாருடைய இரண்டு கிலோவை எடுப்பது என்று வழியனுப்ப வந்தவர்களுக்குள் சண்டை மூண்டது. சிவனம்மாள் தன் கையடக்கத்தின்மேல் கை வைத்து நின்றாள். செபஸ்தியான் சார் வாழ்த்து மடல் கட்டாயம் போக வேண்டும் என்றார்.

"குவைத்காரன் இத வாசிச்சுட்டு சம்பளத்தக் கூட்டியா குடுக்கப் போறான்?" என்று லத்தீப் அதை முதலில் எடுத்துக் கட்டிலில் போட்டார்.*

* கண்ணாடி, சட்டம், என் தமிழ் மூன்றும் சேர்ந்து ஒன்றே முக்கால் கிலோ. என் எழுத்தின் கனத்தை யாராவது அளந்தது அந்த ஒரு தடவைதான்.

இன்னும் கால் கிலோ எடுக்க வேண்டும். அமலராணி அடியில் கைவிட்டு ஒரு பார்சலை எடுத்தாள். செய்தித்தாளில் சுற்றி, பூக்கட்டுகிற நாரால் தாறுமாறாகக் கட்டியிருந்தது. மேலே பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீல கிரேயானில் கோடு கோடாக இழுத்திருந்தது.

"இது யாரோட பார்சல்?"

"நம்மது இல்ல."

"எங்களுதும் இல்ல. நாங்க நாடாக் கட்டியிருந்தோம்."

யாரும் சொந்தம் கொண்டாடாததால் பிரித்தார்கள். ஒரு மஞ்சள் கவுன். ஒரு பல் துலக்கும் பிரஷ், சின்னது. ஒரு ஸ்பூன்.

நிலக்கோட்டைக்குத் தானும் போவதாக ரீனா முடிவு செய்திருந்தாள். ஊரே எப்படிப் பெட்டி கட்டுகிறது என்று பதினைந்து நாள் பார்த்து, அதேபோலக் கட்டியும் வைத்திருந்தாள்.

(இந்த இடத்தில் "அறையில் மயான அமைதி நிலவியது" என்று எழுதினேன். நிலவவில்லை. செபஸ்தியான் சார் இருமினார். சிவனம்மாள் சத்தமில்லாமல் தன் கையடக்கத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.)

நான் சுவரோரமாக நின்றிருந்தேன். அந்தக் கவுனை மடித்து வைக்க வைத்தது என்னுடைய மல்லிகைப் பூ. கலையின் வெற்றி என்றேனே, அதுதான்.

அமலராணி மூன்றையும் அதே தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள். "பாய், ஒட்டன்சத்திரம் போங்க."

"திருச்சி இந்தப் பக்கம்மா!" என்றார் மாமனார். "நல்ல நேரம் பதினொண்ணரையோட முடியுது."

"மாமா, பிள்ளைகளுக்கு ஊசி போடுறப்ப வலிக்காதுன்னு சொல்லித்தான் போடுவோம். அப்புறம் அதுங்க வெள்ளைச் சேலையப் பாத்தாலே ஓடும். என்னயப் பாத்து அவ ஓடக் கூடாது."

இரண்டு எண்களுக்குமேல் அவள் பேசி நான் கேட்டது அன்றுதான்.

8

வேன் மேற்கே போயிற்று. வெயிலில் தார்ச்சாலை தண்ணீர்போல நெளிந்தது. தென்னைகள் பின்னோக்கி நீந்தின. மடியில் பார்சலோடு அமலராணி, லத்தீப்புக்குப் பக்கத்தில் பிராங்கிளின், தோளில் நேற்றைய பொன்னாடையோடு செபஸ்தியான் சார், ஏன் ஏறினோம் என்று தெரியாமல் நான். எல்லோரும் ஒரே கனவுக்குள் டிக்கெட் எடுத்தவர்கள்போல உட்கார்ந்திருந்தோம். கூரையில், 20 என்று எழுதிய பெட்டி.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வாசலில் டெய்சியும் ரீனாவும் தக்காளி லாரி பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அமலராணி இறங்கிப் போனாள். தக்காளிப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் மகளுக்கு முன்னால் மண்டியிட்டாள். வாய் திறப்பது தெரிந்தது. அப்போது கேரளா லோடு ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே வந்து நின்றது.

"ஏனுங்க, வேனக் கொஞ்சம் எடுக்கோணுமுங்க, லோடு போகோணும்" என்றார் ஒரு சுமைக்காரர்.

"செத்த நேரம் பொறுங்கய்யா" என்றார் லத்தீப். "அங்க ஒரு தாயும் பிள்ளையும் பேசிக்கிட்டிருக்காங்க."

சுமைக்காரர் லாரிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

எட்டு நிமிடம். லாரி நகர்ந்தபோது அமலராணி எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். கையில் பார்சல் இல்லை. ரீனா டெய்சியின் கையைப் பிடித்து நின்றாள். அழவில்லை. ஓடி வரவுமில்லை.

திருச்சிக்கு நேரத்துக்குப் போய்விட்டோம்.

9

அந்த எட்டு நிமிடத்தை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: "கண்ணே, கடல் கடந்து போனாலும் அம்மாவின் இதயம்" – (வாழ்த்து மடல் வாசனை.)

இரண்டாவது முடிவு: "எழுநூத்தி முப்பது நைட் டூட்டி. முடிச்சதும் வந்துருவேன்." – (அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. நாலு வயதுக்கு எழுநூறு என்றால் என்ன?)

மூன்றாவது முடிவு: ஒன்றும் சொல்லவில்லை, கட்டிக்கொண்டாள். – (எழுதத் தெரியாதபோதெல்லாம் பாத்திரங்களைக் கட்டிக்கொள்ள வைப்பது என் பழக்கம்.)

இப்போது 2009. அமலராணி இன்னும் குவைத்தில்தான் இருக்கிறாள். ஒப்பந்தம் முடிய முடியப் புதுப்பிக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வந்து போகிறாள். ரீனாவுக்குப் பதினாலு வயது. எட்டாம் பகுதிவரை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்தாள்.

"மாமா, எனக்கு லாரி ஞாபகம் இருக்கு. நசுங்குன தக்காளி வாடை ஞாபகம் இருக்கு. அம்மா என்ன சொன்னாங்கன்னு மட்டும் ஞாபகம் இல்ல."

"அம்மாகிட்டயே கேளேன்."

"போன லீவுல கேட்டேன். அவங்களுக்கும் ஞாபகம் இல்லயாம். என்னென்னமோ சொன்னேன்டி, ஒண்ணும் தங்கல, நீ சொன்னதுதான் ஞாபகம் இருக்குன்னாங்க."

"நீ என்ன சொன்னியாம்?"

"'சரி'ன்னேனாம். அவ்ளோதான்."

தாள்களை என் மேசையில் வைத்தாள். "நீங்க எழுதிக் குடுங்க மாமா. எது எழுதுனாலும் அதையே வச்சுக்கிறேன்."

இதுதான் என் பயம். அவள் வைத்துக்கொள்வாள். நான் அவளுக்கு எழுதிக் கொடுத்த முதல் படைப்பை நம்பிப் பல் துலக்கும் பிரஷைக் கட்டி வைத்த பிள்ளை. ஆகவே நான் எழுத மாட்டேன், படிக்கிற நீங்கள்தான் எழுத வேண்டும். உங்களுக்கு அவளைத் தெரியாது, அவளுக்கும் உங்களைத் தெரியாது. அதுவே ஒரு தகுதி. லாரி மறைத்துக்கொண்டிருக்கிறது, சுமைக்காரர் காத்திருக்கிறார், உங்களுக்கு எட்டு நிமிடம். பதில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பதிலைச் சொல்ல ஒரு நாலு வயதுப் பிள்ளையின் காதில் என்ன விழுந்திருக்க வேண்டுமோ, அதை மட்டும் எழுதுங்கள். பொய்யாக இருக்கக் கூடாது.

அம்மா:



ரீனா: சரி.