மில் தெருவில் பன்னிரண்டு கொண்டையூசிகள்

இருபத்தாறாவது முறையாகப் பந்தை அடிக்க முடியாமல் ஓட்டோ ஷ்வாப் திரும்பி வந்தபோது, எங்கள் பேஸ்பால் அணியின் மேனேஜர் ஹானிகன் அவனைத் திட்டவில்லை. பெஞ்சில் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார். ஹானிகன் வாய்க்கு வந்தபடி திட்டினால் ஆள் பிழைத்தான் என்று அர்த்தம். மரியாதை கொடுக்க ஆரம்பித்தால் திங்கட்கிழமை ரயில்தான்.

"சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன் தம்பி. ஒரே ஒரு அடி போதும். அதுவும் விழலேன்னா ஊருக்குக் கெளம்பு" என்றார்.

ஓட்டோவின் ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. பன்னிரண்டு வயதில் உள்ளே இறங்கியவன், இருபது வயதில் எங்கள் கார்வில் அணியின் மூன்றாவது பேஸைக் காக்க மேலே ஏறி வந்தான். பேஸ் என்பது அடித்தவன் ஓடி மிதிக்க வேண்டிய மூட்டை; மூன்றையும் மிதித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ஓட்டம். ஆட்டம் இல்லாத நாட்களிலும் மைதானத்துக்குப் போய் வெயிலில் உட்கார்ந்திருப்பான். ஏன்டா என்று கேட்டால், "சும்மாதான் லெம், வெளிச்சமா இருக்குல்ல" என்பான். அவனும் நானும் ஒரே விடுதியில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவனைத் திரும்ப அந்தக் குழிக்குள் அனுப்புவதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த 1909 சீசனில் எங்கள் தோல்விகளை எண்ணுவதை உள்ளூர்ப் பத்திரிகையே நிறுத்திவிட்டது. நாங்கள் தெருவில் தலையைக் குனிந்தபடி போவதைப் பார்த்து, பாவம் வெட்கப்படுகிறார்கள் என்று ஊரார் பரிதாபப்பட்டார்கள். வெட்கமாவது ஒன்றாவது! நாங்கள் கொண்டையூசி தேடிக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்தில் பேஸ்பால் ஆடியவன் எவனைக் கேட்டாலும் சொல்வான்: வழியில் ஒரு கொண்டையூசி கிடைத்தால் அன்றைக்கு ஒரு அடி நிச்சயம். ஆனால் அது தானாக விழுந்ததாக இருக்க வேண்டும். கேட்டு வாங்கினாலும் பலிக்காது, கடையில் வாங்கினாலும் பலிக்காது. எங்கள் அதிர்ஷ்டம், கார்வில் பெண்கள் கொண்டையை ஆணி அடித்த மாதிரி இறுக்கி முடிந்துகொள்வார்கள்.

சனிக்கிழமை காலை ஊசி வாங்க நானே கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் என் வழுக்கையைப் பார்த்தாள்.

"வீட்டம்மாவுக்கா?"

"மூணாவது பேஸுக்கும்மா."

அவள் ஒரு டஜன் ஊசிகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வாங்கியது பலிக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வாங்கியது என்று ஓட்டோவுக்குத் தெரியாதே. விடுதியிலிருந்து மைதானம் வரை, மில் தெரு நெடுக, நூறடிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனேன். மனதுக்குள் என்னையே நான் மெச்சிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். ரயில் நிலையத்திலிருந்து மைதானத்துக்கு வரவும் அதே மில் தெருதான். எதிரணியான லேக்டன் ஆட்கள் பதினோரு மணி ரயிலில் வந்து இறங்கி, எங்களைப் போலவே தலையைக் குனிந்துகொண்டு நடந்திருக்கிறார்கள். ஓட்டோ கிளம்பி வந்தபோது தெரு துடைத்து வைத்தது போல இருந்தது.

அவர்களின் பந்து வீச்சாளர் குஸ் பிராண்ட் நல்ல பருமன். வீசுவானே தவிர, போன வருடத்திலிருந்து ஒரு பந்தைக்கூட மட்டையால் தொட்டதில்லை. அவன் மட்டையோடு வந்து நின்று, பின்பாக்கெட்டை என் முன்னால் குலுக்கிக் காட்டினான். கலகலவென்றது.

"என்ன ஊருய்யா இது! உங்க ஊரு பொம்பளைங்களுக்கெல்லாம் முடி கொட்டுதா? பன்னெண்டு பொறுக்கினேன்!"

மட்டையாளனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரான எனக்கு முகத்தில் கம்பி மூடி இருந்தது நல்லதாய்ப் போயிற்று. எட்டுச் சுற்றுக்குள் அந்தக் குண்டன் இரண்டு அடி அடித்துவிட்டான். ஓட்டோ மூன்று முறை போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பினான்.

கடைசியான ஒன்பதாவது சுற்றில் ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. லேக்டனில் இரண்டு பேர் அவுட். மறுபடியும் அடித்துவிட்டு இரண்டாவது பேஸில் நின்ற குஸ், ஊசிகள் இருக்கும் தைரியத்தில், யாரும் எதிர்பாராமல், பந்து அடிபடும் முன்பே மூன்றாவது பேஸைத் திருட ஓடினான். பீப்பாய் உருண்டு வருவது போல இருந்தது. நான் எறிந்தேன். பந்து ஓட்டோவின் கையில் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. குஸ் வயிற்றால் சறுக்கி, பேஸ் மூட்டையைத் தாண்டி இரண்டு முழம் போய்விட்டான். பந்தால் அவனை ஒரு தொடு தொட்டால் போதும், கதை முடிந்தது.

சறுக்கிய வேகத்தில் குஸ்ஸின் பாக்கெட் கிழிந்தது. ஊசிகள் அத்தனையும் ஓட்டோவின் காலடியில் சிதறின. தானாக விழுந்த பன்னிரண்டு ஊசிகள்!

ஓட்டோ பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மண்டியிட்டு, இரண்டு கையாலும் பொறுக்க ஆரம்பித்தான்.

குஸ் கொஞ்ச நேரம் படுத்தபடியே பார்த்தான். பிறகு எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, ஓட்டத்தை முடிக்க என்னை நோக்கி ஓடி வந்தான்.

"டேய் ஓட்டோ! பந்துடா! பந்தை எறிடா!"

"ஒரு நிமிஷம், லெம்! இன்னும் ரெண்டுதான் இருக்கு!"

அவர்களுக்கு மூன்று, எங்களுக்கு இரண்டு. அரங்கிலிருந்து ஒருவன் தன் செருப்பையே எறிந்தான். அவர்கள் பங்கு முடிந்து நாங்கள் பெஞ்சுக்கு வந்தபோது ஹானிகன் தன் தண்ணீர்க் குவளையை ஓட்டோவிடம் நீட்டினார். "குடிங்க தம்பி" என்றார். தம்பிக்கு 'ங்க' வேறு.

எங்கள் கடைசி வாய்ப்பு. இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் எங்கள் ஆள் ஒருவன், இரண்டாவதில் நான். ஓட்டோ மட்டையோடு வந்தான். அவன் முகத்தில் இரண்டு வாரமாகக் காணாத தெளிவு. நான் வாங்கின ஊசிங்கடா அது என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது, நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கடித்துக்கொண்டேன்.

முதல் பந்திலேயே விளாசினான். தரையோடு தரையாக, குஸ்ஸின் கால்களுக்கு நடுவே பாய்ந்து, தொலைவிலிருந்த புல்தரைவரை போயிற்று. ஓட்டோ முதல் பேஸுக்கு ஓட, மூன்றாவதில் நின்றவன் உள்ளே வந்தான். நானும் மூச்சு வாங்க, முட்டி கதற, ஓடி வந்து விழுந்தேன். நான்குக்கு மூன்று, ஜெயித்துவிட்டோம். ஜெயித்தால் என்ன செய்வது என்று எங்களில் பலருக்கு மறந்தே போயிருந்தது.

கூட்டம் கத்தித் தீர்த்துக் கலைந்தது. லேக்டன்காரர்கள் ரயிலுக்குப் போனார்கள். ஹானிகன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து முதல் பேஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டோ இன்னும் அந்த முதல் பேஸின் மேலேயே நின்றான். மைதானக்காவலர் மூனி மற்ற இரண்டு பேஸ் மூட்டைகளையும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"காலை எடுப்பா. மூட்டையை உள்ள வைக்கணும்."

"இன்னும் கொஞ்ச நேரம், மூனி."

மூனி அவனை ஏற இறங்கப் பார்த்தார். தோளிலிருந்த மூட்டைகளில் ஒன்றைக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்து, பைப்பைப் பற்ற வைத்தார். ஓட்டோ இரண்டு காலையும் மூட்டையில் அழுத்தி ஊன்றி, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.